போடி மலைச்சரிவில் முகாம் தங்கல்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேற்கே, கொட்டகுடி ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் அதன் மேலெழும் ஏலமலைச் சரிவுகளிலும் கூடாரம், தோட்டக் குடில், கேரவன் வண்டி ஆகியவற்றில் இரவு தங்கும் பயண வழக்கத்தை இக்கட்டுரை விவரிக்கிறது. போடி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டருக்குள் இருக்கும் கொழுக்குமலை 2,000 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பதால், போடியில் வியர்த்து நிற்பவர் அன்றிரவே மேலே கம்பளி தேட வேண்டியிருக்கும். ஆனால் இந்தச் சரிவில் எங்கே, எப்போது படுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது குளிரல்ல, காட்சியுமல்ல, காற்று.

காற்றின் போக்கு

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலைத்தொடரின் இடைவெளிகள் வழியே வறண்டு வேகமெடுத்துக் கிழக்கே இறங்குகிறது. தமிழ்நாட்டின் காற்றாலை மின்சாரத்துக்கு ஆதாரமான நான்கு கணவாய்களாக பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகியவற்றைச் சொல்வார்கள். தேனி, ஆண்டிபட்டி பக்கத்துக் காற்றாலைகள் இந்தக் கடைசிக் கணவாயின் காற்றில் சுழல்பவை. ஆனி, ஆடி மாதங்களில் மலைமேலுள்ள போடிமெட்டில் சாலையோரம் நின்றால் மேலே சாரலும் கீழே வெயிலும் ஒரே நேரத்தில் தெரியும். முகட்டில் கூடாரம் அடிக்க அது உகந்த காலமே அல்ல.

பருவக்காற்று இல்லாத மாதங்களிலும் பள்ளத்தாக்குக்கென்று ஒரு காற்று உண்டு. பகலில் சூடான சரிவு காற்றை மேலே இழுக்கும். பொழுது சாய்ந்ததும் குளிர்ந்த காற்று கனத்து ஓடை வழியே கீழே வடியும். ஓடைப் பள்ளத்தில் படுத்தவர்களை நள்ளிரவில் நடுங்க வைப்பது இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இந்தக் கிழக்குச் சரிவில் நேராக மோதுகிறது. அப்போது கொட்டகுடி ஆறு திடீரென்று பெருகக்கூடும். ஆற்றங்கரை மணல் எவ்வளவு சமமாகத் தெரிந்தாலும் அங்கே படுக்கை விரிக்கக் கூடாது.

பழைய பாதையும் தோட்டக் குடில்களும்

இந்தச் சரிவில் இரவு தங்குவது சுற்றுலாவுக்கு முந்திய பழக்கம். அந்நாளில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் மூணாறுத் தேயிலையை மலை விளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவரும். அங்கிருந்து கம்பிவழி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டுவண்டியில் போடி. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அழிந்தது. கம்பிவழியும் போய்விட்டாலும் மலையடிவாரக் குரங்கணிக்கு மேலேயுள்ள குடியிருப்பின் பெயர் இன்றும் சென்ட்ரல் ஸ்டேஷன்தான். போடிக்கு 1928-இல் மதுரையிலிருந்து ரயில் வந்தது. அகலப்பாதைப் பணிக்காக நின்றுபோன சேவை 2023 ஜூன் 15-இல் போடி வரை திரும்பியது.

ஏலத்தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்பான லயம், காவல் குடில், காய் உலர்த்தும் ஸ்டோர் என்று மூன்று வகைக் கட்டடங்கள் இருக்கும். போடியிலிருந்து ஜீப்பில் ஏறும் தொழிலாளர்கள் பலர் மாலையில் இறங்கிவிடுவார்கள்; சிலர் அங்கேயே தங்குவார்கள். இன்று பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் குடில்கள் பலவும் இந்தத் தோட்டங்களுக்குள்தான் இருக்கின்றன. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும் என்பதால் தோட்டம் நெடுமரங்களுக்கு அடியில் இருக்கிறது. அந்த மரங்களே காற்றின் வேகத்தைத் தடுக்கின்றன. மொட்டை முகட்டுக் கூடாரத்தைவிட, மரச்செறிவுக்குள் இருக்கும் ஓட்டுக் குடிலே இந்த மலைக்குப் பொருத்தமான தங்குமிடம். பருவக்காற்றில் மட்டும் முறிகிளைகளைக் கவனிக்க வேண்டும்.

கொழுக்குமலை

கூடாரத் தங்கலுக்குப் பேர்போன இடம் இதுதான். நிர்வாகத்தில் இது தேனி மாவட்டம். வாகனத்தில் போவதற்கோ கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான் ஜீப் தடம். 1930-களில் தொடங்கிய தேயிலை ஆலை இங்கே பழைய முறையில் இயங்கிவருகிறது. கிழக்கே தடையேதும் இல்லாததால் தமிழகச் சமவெளி மீது எழும் சூரியனைக் காண விடியலுக்கு முன்பே கூட்டம் சேர்கிறது. கிழக்கு விளிம்பில் கூடாரம் அடித்தால் பருவக்காற்று முதுகில் அறையும் என்பதை விளம்பரப் படங்கள் காட்டுவதில்லை. கூடாரத்தின் ஒடுங்கிய பக்கம் காற்றைப் பார்க்க வேண்டும். ஆப்புகளைக் கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்த்து அடித்து, கயிற்றை இறுக்கி, வாசலைக் காற்றின் மறுபக்கம் வைக்க வேண்டும்.

2018 மார்ச் 11

கொழுக்குமலையில் இரவு தங்கிவிட்டு குரங்கணி நோக்கிக் கால்நடையாக இறங்கிய குழுவினர் அன்று ஒத்தமரம் பகுதியில் காட்டுத்தீயில் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், பலர் இளம்பெண்கள். சரிவில் தீ ஏறும்போது மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திவிடுகிறது. அதனால் சமதளத்தைவிட வெகுவேகமாக மேலேறும். மாசி மாதத்துக் காய்ந்த புல்லும் பகல்நேர மேல்நோக்குக் காற்றும் சேர்ந்தால் மனிதர் ஓடித் தப்பும் வேகம் போதாது. உதவிக்கு முதலில் ஓடியவர்கள் ஊர்மக்களும் தோட்டத் தொழிலாளர்களும். விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. அரசு ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ராவை விசாரணைக்கு நியமித்தது. அதே ஆண்டில் வனப்பகுதி மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 40 மலையேற்றப் பாதைகளில் குரங்கணி–சாம்பலாறும் ஒன்று. வழிகாட்டியுடன், முன்பதிவு செய்து மட்டுமே நடக்கலாம். தீக்காலத்தில் பாதைகள் மூடப்படும். இந்தக் கட்டுப்பாட்டைத் தொல்லையாகப் பேசுவோர், அந்தப் பிற்பகலில் ஒத்தமரத்தில் என்ன நடந்தது என்பதை ஒருமுறை படித்துவிட்டுப் பேசட்டும்.

கேரவன்

கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் இது இடம்பெற்றது. மலையடிவார முந்தலிலிருந்து 17 கொண்டைஊசி வளைவுகளில் போடிமெட்டு ஏறும் தேசிய நெடுஞ்சாலையே இந்த வண்டிகளுக்கான வழி. குரங்கணிச் சாலையும் சூரியநெல்லித் தடமும் அவற்றுக்கு ஏற்றவை அல்ல. உயரமான பக்கச்சுவர் காற்றைப் பாய்மரம்போல் வாங்கும் என்பதால், நிறுத்தும்போது வண்டியின் முகப்பு காற்றை நோக்கியிருக்க வேண்டும்; வெளிப்பந்தலை இரவில் சுருட்டிவிட வேண்டும்.

யானையும் உணவும்

கேரளப் பக்கத்துச் சின்னக்கானல், சூரியநெல்லி யானை நடமாடும் நிலம். அரிசிக்காக வீடுகளையும் கடைகளையும் உடைத்த அரிக்கொம்பன் என்ற யானை 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடிக்கப்பட்டு இடம்மாற்றப்பட்டது. மே மாத இறுதியில் கம்பம் நகருக்குள்ளேயே வந்தது. ஜூனில் தமிழக வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்கு அனுப்பியது. கூடாரத்துக்குள் அரிசி, பழம், வெல்லம் வைத்துக்கொண்டு உறங்குவது ஆபத்து.

தங்க ஏற்ற காலம் மார்கழியும் தையும். மழை ஓய்ந்து, புல் இன்னும் பசுமை மாறாமல், பருவக்காற்று அடங்கியிருக்கும் வாரங்கள் அவை. மாசி முதல் சித்திரை வரை அடுப்பு மூட்டாதீர்கள். கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு வனத்துறை அனுமதியின்றி எந்த மாதத்திலும் நடந்து இறங்காதீர்கள்.