தரங்கம்பாடிக் கோட்டையும் ஒரு விதவையின் வழக்கும்



ரோமர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம் வாசிக்கப்படும் ஞாயிற்றுக்கிழமைகளில், ஆராதனை முடிந்ததும் யாராவது ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, அதிகாரத்தில் இருப்பவர் அநியாயம் செய்தாலும் நாம் கீழ்ப்படியத்தான் வேண்டுமா?" என்று கேட்பதுண்டு. ஆலய வாசலில் நின்றுகொண்டு இரண்டு வாக்கியங்களில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி அல்ல அது. ஆகவே இந்த வாரம் நம்முடைய சோழமண்டலக் கரையிலேயே நடந்த ஒரு சம்பவத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கினால் அனுப்பப்பட்டு, பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளுட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். சீகன்பால்குக்கு அப்போது வயது 24கூட நிறையவில்லை. அரசன் அனுப்பிய ஊழியர்களாயிற்றே, ராஜமரியாதை கிடைத்திருக்கும் என்று நாம் நினைப்போம். நடந்தது அதற்கு நேர்மாறு. தரங்கம்பாடி டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. டான்ஸ்போர்க் கோட்டையின் தளபதி யோகான் சிகிஸ்முந்து ஹாசியஸ் கம்பெனியின் ஆள். வியாபாரத்துக்கு மிஷனரிகள் இடைஞ்சலாவார்கள் என்பது கம்பெனியாரின் எண்ணம். அவர்களுக்குத் தடை செய்யும்படி தளபதிக்கு இரகசியக் கட்டளையே வந்திருந்ததாகச் சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். 1707 மே 12-ல் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் ஐரோப்பிய எஜமான்களிடம் அடிமைகளாயிருந்தவர்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அடிமையும் எஜமானும் ஒரே அப்பத்தில் பங்குபெறும் சபை எந்தக் கோட்டைக்கும் சௌகரியமானதல்ல.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நேபுகாத்நேச்சாரின் பொற்சிலை முன்பு நின்ற மூன்று வாலிபருக்குத் தங்கள் எதிரில் இருப்பது யார் என்பதில் சந்தேகமே இல்லை. சீகன்பால்குக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. ஹாசியஸ் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர். அதே லுத்தரன் விசுவாசத்தை அறிக்கை செய்கிறவர். கள்ள அதிகாரம் பெரும்பாலும் நம் பக்கத்து இருக்கையில் அமர்ந்து நம்மோடு ஞானப்பாட்டும் பாடும்.

1708-ல் மோதல் முற்றியது ஒரு தமிழ் விதவையின் காரியமாக. அவளுடைய கணவன் நாவிதன். அவன் இறந்தபின், அவனுக்கும் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளன் ஒருவனுக்கும் இடையே இருந்த ஒரு கடன் விவகாரம் அவள் தலையில் விழுந்தது. எதிராளியோ கோட்டைக்குள் செல்வாக்குள்ளவன். அந்த ஏழைப் பெண்ணுக்காகச் சீகன்பால்கு மீண்டும் மீண்டும் பரிந்து பேசினார். டேனிஷ் ஆலயத்தில் வைத்தே தளபதியின் முன் முழந்தாளிட்டு நியாயம் கேள் என்று அவளுக்கு ஆலோசனையும் சொன்னார். தேவனுடைய வீட்டில், முழுச் சபைக்கும் முன்பாக, ஒரு விதவை அதிகாரியின் காலடியில்! தளபதிக்கு அது எப்படி இருந்திருக்கும்?

விசாரணைக்கு வரும்படி தளபதி ஆளனுப்பினார். சீகன்பால்கு உடனே புறப்படவில்லை. எழுத்து மூலமான அழைப்பாணை வேண்டும் என்றார். இதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். பிலிப்பி பட்டணத்தில், அடித்துச் சிறையிலிட்டவர்கள் இரகசியமாய் விடுவிக்கப் பார்த்தபோது, அதிகாரிகளே நேரில் வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்று பவுல் நின்றது இதே நிலைதான். பவுல் அதிகாரத்தை மறுக்கவில்லை. அதன் சொந்தச் சட்டத்தின்படி நடக்கும்படி அதைக் கட்டாயப்படுத்தினார். ரோமர் 13-ஐ எழுதிய கையும் அவருடையதே. அங்கே அவர் அதிகாரியை தேவனுடைய ஊழியக்காரன் என்கிறார். ஊழியக்காரனிடம் கணக்குக் கேட்கலாம். ஹாசியஸின் பதவி பொய்யானதல்ல, முறையாகக் கிடைத்ததுதான். விதவையின் வழக்கைத் தள்ளி, கேள்வி கேட்டவரைப் பிடிக்கத் துணிந்த இடத்தில் அது பொய்யாயிற்று. ஏசாயா 10-ஆம் அதிகாரத்தின் தொடக்க வசனங்களை வீட்டில் எடுத்து வாசியுங்கள்.

அந்த நவம்பர் மாதத்தில் சீகன்பால்கு கைது செய்யப்பட்டார். கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்ததால் கோட்டையிலேயே சிறைவைக்கப்பட்டார். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவரோடு முழு உடன்பாடில்லை. வாய் திறந்து பதில் சொல்லியிருந்தால் விதவையின் வழக்காவது ஏட்டில் ஏறியிருக்கும். அவர் 26 வயதுக்காரர், சுறுக்கென்று கோபம் வருகிறவர். பரிசுத்தவான்களைக் குறையற்றவர்களாக வரைவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையல்ல.

சிறை நான்கு மாதத்துக்குச் சற்று அதிகம் நீடித்தது. தொடக்கத்தில் தாளும் மையும்கூட அவருக்கு மறுக்கப்பட்டன. அதற்கு முந்தின மாதம், அக்டோபரில்தான் அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கியிருந்தார் என்பதை அறிந்தால், அந்த மறுப்பு எவ்வளவு கொடியது என்பது விளங்கும்.

1709 மார்ச்சில் விடுதலை கிடைத்தது. வெற்றி ஊர்வலம் எதுவும் இல்லை. ஹாசியஸ் அதே பதவியில் நீடித்தார், கசப்பும் நீடித்தது. பின்னாளில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் பயணம் போனதற்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம். ஆனால் அவர் மறுபடியும் மேசைக்கு வந்து, விட்ட இடத்தில் தொடர்ந்தார். மொழிபெயர்ப்பு 1711-ல் முடிந்தது. 1714-ல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலருடைய நடபடிகளும் தரங்கம்பாடியிலேயே அச்சேறின.

அந்தப் பக்கங்களில் லூக்கா 18-ஆம் அதிகாரமும் இருந்தது: தேவனுக்குப் பயப்படாத ஒரு நியாயாதிபதி, அவனிடம் ஓயாமல் வந்து நியாயம் கேட்ட ஒரு விதவை. அது அச்சான நாளிலும் கோட்டையில் தளபதியாக இருந்தவர் ஹாசியஸ்தான்.