அயல்நாட்டுச் சிப்பாய் யார்?
லுக்குட் கரையும் பர்மாப் போரும்

பிறர் போரில் புகுந்து பொருபவனை 'அயல்நாட்டுப் போராளி' என்றழைப்பது இக்கால வழக்கு. அச்சொல்லில் ஐயமும் இகழ்ச்சியும் கலந்தே ஒலிக்கின்றன. கூலிக்கு வந்தவன், ஏமாற்றி அழைத்து வரப்பட்டவன், தனக்குத் தொடர்பில்லாத சண்டையில் தலையிட்டவன் என்பனவே அதன் உட்பொருள். இரண்டாம் உலகப் போரில் மலாயாத் தோட்டங்களிலிருந்து படை புகுந்த தமிழருக்கு இச்சொல் பொருந்துமா? அப்போரில் நேரே நின்றவர்கள் இதுபற்றி என்ன கருதினர்? இதனை ஆராய லுக்குட் வட்டாரத்தின் வரலாறு பெரிதும் துணைபுரிகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ராஜா ஜுமாஅட்டின் ஆட்சியில் ஈயத்தால் செழித்த ஊர் லுக்குட். ஈயத்தின் காலம் போனபின் அவ்வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்த பாட்டாளிகள் லயங்களில் குடியேறினர். அண்டையிலுள்ள போர்ட் டிக்சனில் 1933ஆம் ஆண்டு மார்ச்சு 1ஆம் நாள், 25 இளைஞரைக் கொண்டு மலாய்ப் படைப்பிரிவு தொடங்கப்பெற்றது. அது மலாய்க்காரருக்கென அமைந்த படை. அருகிலேயே பால் வெட்டிய தமிழ் இளைஞனுக்கு அதில் இடமில்லை. பத்தாண்டுகளுக்குப் பின்னரே அவனைத் தேடி ஒரு படை வந்தது. அது அவன் வாழ்ந்த நாட்டின் படையன்று. அவனுள் பலர் கண்ணால் கண்டிராத இந்தியாவின் பெயரால் எழுந்த படை.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. சரணடைந்த இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய இராணுவத்தை முதலில் அமைத்தார். 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தலைமை ஏற்றதும், சீருடை அணிந்தறியாத பொதுமக்களுக்கும் அதன் வாயில் அகலத் திறந்தது. தோட்டத் தமிழர் திரளாகச் சேர்ந்தனர். நாட்டுப்பற்று ஒன்றே அனைவரையும் உந்தியது என்று கூறுதல் முழு உண்மையாகாது. ரப்பர் வாணிகம் நின்றுபோய் லயங்களில் பசி குடிகொண்டிருந்த காலம் அது. மலாயாவிலிருந்து 70,000க்கு மேற்பட்ட தொழிலாளர், பெரும்பாலும் தமிழர், சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; அவர்களுள் பல்லாயிரவர் திரும்பவில்லை. அந்தச் சாவுக்குத் தப்பும் வழியாகவும் சிலர் துப்பாக்கி ஏந்தினர். ஆயினும், நோக்கம் பலவாயினும் இவர்கள் எவரும் வேற்றரசனின் சம்பளத்தை நாடிப் போனவரல்லர்.

எதிர்நின்றவர்கள் இவர்களை மதித்தாரில்லை. பதினான்காம் படையின் தலைவர் வில்லியம் ஸ்லிம் 1956இல் வெளியிட்ட போர் நினைவு நூலில் இந்திய தேசிய இராணுவத்தின் போர்த்திறனைக் குறைத்தே மதிப்பிட்டார். சரணடைய வந்த அவ்வீரர்களைத் தம் இந்திய, கூர்க்கா வீரர்கள் உயிருடன் ஏற்கத் தயங்கினர் என்றும், அவர்களை இன்னும் கனிவுடன் ஏற்குமாறு கட்டளையிட நேர்ந்தது என்றும் அவர் எழுதினார். 1945 பிப்ரவரியில் ஐராவதி ஆற்றங்கரையில் நிகழ்ந்ததும் அவர் மதிப்பீட்டுக்குச் சான்றாகக் காட்டப்பெறுவதுண்டு. ஜி. எஸ். தில்லானின் தலைமையில், மலாயாத் தமிழர் பலரைக் கொண்ட நேரு படைப்பிரிவு அங்குக் காவல் நின்றது. அதன் ஒரு பகுதியினர் ஆற்றைக் கடந்த படகுகளின்மீது சுட்டனர். பின்னர் பீரங்கிக்கும் விமானத்துக்கும் ஈடுகொடுக்கவியலாது சரணடைந்தனர். இது மறைக்கத்தக்கதன்று.

ஆனால் ஸ்லிமின் படையும் யாருடையது என்று வினவ வேண்டும். அதில் ஆங்கிலேயர் சிறுபான்மையினரே. இந்தியரும் கூர்க்கரும் மேற்கு, கிழக்கு ஆப்பிரிக்கரும் அதில் நின்றனர். பர்மாவின் ஆறுகளுக்குப் பாலமிட்ட மதராஸ் சாப்பர் பிரிவுகளில் தமிழர் மிகுதி. ஒரே மொழி பேசியோர் இரு பக்கமும் நின்ற போர் அது. பர்மியக் குடியானவனின் கண்ணுக்கு இவர்கள் அனைவருமே அயலார்தாம். அவன் நாட்டுப் படையோ, ஆங் சானின் தலைமையில் முதலில் ஜப்பானியருடன் நின்று, 1945 மார்ச்சு 27இல் அவர்களுக்கு எதிராகத் திரும்பியது.

உடன்நின்றவர்களின் கருத்து வேறு. செங்கோட்டை வழக்கில் ஷா நவாஸ்கான், அரசனா நாடா என்ற கேள்வி தம்முன் எழுந்தபோது நாட்டைத் தேர்ந்ததாகக் கூறினார். அவர் அரசனுக்குச் சத்தியம் செய்த தொழில்முறைப் படையதிகாரி. அச்சத்தியத்தை மீறினார் என்பதே எதிரிகளின் சினத்துக்கு அடிப்படை. தோட்டத்து இளைஞனோ அத்தகைய சத்தியம் எதுவும் செய்தவனல்லன். ஆகவே இராணுவ நீதிமன்றங்கள் பழைய சிப்பாய்களையே விசாரித்தன. இந்த வேறுபாட்டை மறந்து இருவரையும் ஒரே வசைச்சொல்லால் குறித்தது பெரும்பிழையாகும்.

ஜான்சி ராணிப் படையின் தலைவி டாக்டர் லட்சுமி, தம் படையினருள் பெரும்பாலோர் தோட்டப் பெண்கள் என்பதைப் பிற்காலத்தில் எடுத்துரைத்தார். அப்படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன் யாழ்ப்பாண வழிவந்த மலாயாக் குடும்பத்தவர். இந்தியா அவர் பிறந்த நாடுமன்று, பெற்றோரின் நாடுமன்று. பிறப்பை அளவுகோலாகக் கொண்டால் அவரினும் அயலார் இல்லை. அடிமைத்தளை எங்கிருப்பினும் அது தம்மையும் பிணிப்பதே என்னும் எண்ணத்தைக் கொண்டு அளந்தால் அவரினும் உரிமையுடையார் இல்லை.

1945 செப்டம்பரில் போர்ட் டிக்சன் கடற்கரையில் 23ஆம் இந்திய டிவிஷன் வந்திறங்கியது. முந்தைய ஆண்டு இம்பாலைக் காத்து நின்ற அதே டிவிஷன்! இந்தியாவிலிருந்து வந்த இந்தியச் சிப்பாய் வெற்றிவீரனாக லுக்குட் சாலையில் நடந்தான். இந்திய விடுதலைக்கெனப் போன தோட்டத்து இளைஞன் தோற்றவனாய் லயத்துக்குத் திரும்பினான். அவ்விருவருள் எவன் அயல்நாட்டுச் சிப்பாய்?

இவ்வினா போருடன் முடியவில்லை. 1948இல் அமைந்த மலாயாக் கூட்டரசு உடன்படிக்கை மலாய்க்காரரல்லாதார்க்குக் குடியுரிமையைக் கடுமையான நிபந்தனைகளுடனேயே வழங்கியது. இந்தியாவுக்காகப் போரிட்டவன் இந்தியாவில் வெளிநாட்டுத் தமிழன். உழைத்த மண்ணிலோ வந்தேறி. அக்குறையைப் போக்க முனைந்தவர்களுள் பழைய படையினரும் இருந்தனர். ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகி ஆதி நாகப்பன், 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியபோது அதன் தொடக்க உறுப்பினருள் ஒருவரானார். தொலைவிலுள்ள நாட்டின் விடுதலைக்குத் துணிந்த உள்ளமே, வாழும் நாட்டில் உரிமை கேட்கவும் துணிந்தது.

அயலான் என்பதைப் பிறந்த மண் மட்டும் முடிவு செய்வதில்லை. எவருடைய துன்பத்தைத் தனதாக ஏற்று ஒருவன் நிற்கிறான் என்பதும், வென்றாலும் தோற்றாலும் அதன் விளைவை அவனே சுமக்கிறானா என்பதும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. இவ்வளவுகோலில் லுக்குட் போன்ற தோட்டப்புறங்களிலிருந்து போனவர்கள் பர்மாவில் அயலாராக நின்றிருக்கலாம். தம் போரில் அயலாராக நின்றவரல்லர். ஊர் வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கோட்டையையும் ஈயத்தையும் கூறுமிடத்தில் இவர்களையும் கூறுதல் கடனாகும்.