காற்றும் கொழுந்தும் காம்பராவும்

அடுப்பு மூட்டும் நம் தாய்மாரைக் கவனித்தவர்களுக்கு ஒரு வேடிக்கை தெரிந்திருக்கும். ஊதுகுழல் வழியாக ஊதினால் தணல் சிவந்து தீ எழும்புகிறது. அதே வாயால் குழந்தையின் தேநீரை ஊதினால் அது ஆறிவிடுகிறது. மூச்சு ஒன்றுதான். தணலுக்கு அது பிராணவாயுவைக் கொடுக்கிறது. தேநீரிடமிருந்து உஷ்ணத்தை எடுத்துச் செல்கிறது. பஞ்சபூதங்களுள் வாயுவுக்கெனக் காளத்தியிலே ஒரு தலம் கண்டவர்கள் நம் முன்னோர். அந்த வாயுவைக் கட்டி வேலை வாங்கிய சரித்திரம் ஒன்று நமது மலைநாட்டிலும் உண்டு. நம் பாட்டன் பூட்டன்மார் அதன் நடுவே வாழ்ந்தவர்கள். வாலிபர்கள் அதை அறிந்திருப்பது நலம் என்று கருதி இங்கு எழுதுகிறோம்.

முதலில் சிறிது விஞ்ஞானம். சூடான பொருள் எதுவாயினும் அதைச் சுற்றி மெல்லிய காற்றுப் படலம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அசையாத காற்று உஷ்ணத்தை எளிதில் கடத்துவதில்லை. ஆகவே அப்படலம் ஒரு போர்வை. காற்று வீசினால் போர்வை கலைகிறது, சூடு வேகமாக வெளியேறுகிறது. ஐசக் நியூட்டன் 1701இல் பொருள்கள் ஆறும் விதத்தைப் பற்றி எழுதியபோது, சூடேற்றிய இரும்பை அசையாத காற்றில் வைக்காமல், சீராக வீசும் காற்றில் வைத்தே ஆராய்ந்தார். பொருள் ஈரமாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நீர் ஆவியாகும்போது தன்னோடு உஷ்ணத்தையும் கொண்டு போகிறது. மழையில் நனைந்தபடி மலையில் நிற்கும்போது காற்று அடித்தால் எலும்பு வரை குளிர்வது இதனாலேயே.

இனிக் கொழுந்துக்கு வருவோம். ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்பது பாடப்புத்தகச் செய்தி. அந்தத் தேயிலை எப்படிக் காய்ந்தது என்பதைப் பாடப்புத்தகம் சொல்லுவதில்லை. அவருடைய பங்களாதான் தொழிற்சாலை. விறாந்தையில் மேசைகளைப் போட்டு, ஆட்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கையை அழுத்திக் கொழுந்தை உருட்டினார்கள். பிறகு கம்பித் தட்டுகளில் பரப்பி, களிமண் அடுப்பில் கரித்தணல் மீது வைத்துக் காய்ச்சினார்கள். 1873இல் லண்டனுக்குப் போன 23 இறாத்தல் தேயிலை சரித்திரத்தில் இருக்கிறது. அதை உருட்டிய கைகள் யாருடையவை என்ற குறிப்பு நம் கண்ணில் படவில்லை.

கரி அடுப்பில் சூடு தானாக மேலே எழுந்தால்தான் உண்டு. கீழே இருக்கும் இலை கருகும், மேலே இருப்பது ஈரமாகவே கிடக்கும், எல்லாவற்றிலும் புகை நாற்றம் ஏறும். இதற்குப் பரிகாரம் கண்டவர் சாமுவேல் டேவிட்சன் என்ற அயர்லாந்துக்காரர். 1864இல் வாலிபராக அசாம் பக்கத்துக் கச்சார் தோட்டங்களுக்கு வந்தவர். நெருப்பை இலைக்குக் காட்டாமல், சூடான காற்றை மாத்திரம் இலையினூடே செலுத்த வேண்டும் என்பது அவர் கண்ட உபாயம். தாம் செய்த யந்திரத்துக்கு ஆபிரிக்கப் பாலைவனத்திலிருந்து வீசும் அனற்காற்றின் பெயரை வைத்து, 'சிரொக்கோ' என்று அழைத்தார். 1881இல் பெல்பாஸ்ட் நகரில் அதே பெயரில் தொழிற்சாலையும் நிறுவினார். அங்கே செய்யப்பட்ட காற்றாடிகள் பின்னர் கப்பல்களுக்கும் சுரங்கங்களுக்கும் கூடக் காற்றூட்டப் போயின. தேயிலை காய வைக்கப் புறப்பட்ட யோசனை எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது, பாருங்கள்!

ஆனால் காற்றின் பெரிய வேலை அடுப்பில் அன்று, அதற்கு முன்னே வாட்டுவதில்தான். பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு நீர். 100 கிலோ கொழுந்து கொடுத்தால் ஏறத்தாழ 22 கிலோ தேயிலைதான் கிடைக்கும். மற்றதெல்லாம் காற்றோடு போன நீர். அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கங்களில் ஸ்டோர்கள் மூன்று நான்கு மாடியாக உயர்ந்து, சுவரெல்லாம் ஜன்னலாக நிற்பது அழகுக்காக அன்று. மேல்மாடிகளில் சணல் துணித் தட்டுகளை அடுக்கடுக்காகக் கட்டி, அவற்றில் கொழுந்தை மெல்லிதாகத் தூவி, 12 மணி முதல் 18 மணி நேரம் வரை வாட்டினார்கள். வெளிக்காற்று உலர்ந்திருந்தால் ஜன்னலைத் திறந்தார்கள். மழைக்காலத்தில் ஜன்னலை மூடி, அடுப்பின் சூட்டைக் காற்றாடிகளால் மேலே இழுத்தார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்றும் சுற்றாத வெப்பமானி ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் காற்று இன்னும் எவ்வளவு ஈரத்தைக் குடிக்கும் என்று தெரியும். 1960களில் தொட்டி முறை பரவியது. தடிப்பாகப் பரப்பிய கொழுந்தின் அடியிலிருந்து காற்றாடி காற்றை மேலே தள்ளும். இடமும் ஆளும் மிச்சம்.

வாட்டிய கொழுந்து உருண்டு, புளித்து, பின்பு உலர்த்தும் யந்திரத்துக்குள் போகிறது. 90 பாகைக்கு மேற்பட்ட சூட்டுக் காற்று பாய்ந்தும் இலை உடனே கருகுவதில்லை. ஈரம் இருக்கும் வரை ஆவியாகும் நீர் அதைக் காப்பாற்றுகிறது. முன்பு குளிரில் நம்மை வதைத்த அதே நியாயம் இங்கே இலைக்குக் கவசம்.

இயற்கைக் காற்றும் இதில் பங்காளிதான். தென்மேற்கிலிருந்து வரும் காற்று தன் மழையை எல்லாம் வட்டவளைப் பக்கத்தில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாவில் இறங்கும்போது உலர்ந்து போகிறது. அதுதான் கச்சான், ஊவாத் தேயிலையின் வாசனைக் காலம் அப்போதுதான். நம் திம்புள்ளப் பகுதிக்கோ தை, மாசியின் உலர்ந்த குளிர்காற்றே வாசனையைத் தருகிறது. காற்று அடியோடு நின்றுவிட்டாலும் ஆபத்து உண்டு. நுவரெலியாவில் மேகமற்ற, அசைவற்ற இரவுகளில்தான் உறைபனி விழுந்து கொழுந்தைக் கருக்குகிறது. காற்று இருந்தால் மேலே உள்ள சற்றே சூடான காற்று கலந்து நிலத்தைக் காக்கும்.

இத்தனை நுணுக்கமாகக் காற்றை அளந்தவர்கள், கொழுந்து பறித்தவர்களுக்கு அதே காற்றை எப்படி வைத்தார்கள்? முதலில் கம்பளி. முரட்டு மயிரிடையே அசையாத காற்றைப் பிடித்து வைப்பதே கம்பளியின் வித்தை. நனைந்தாலும் ஓரளவு காக்கும். அன்று தோட்டங்களில் கொடுத்த கம்பளி தர்மமன்று. அதன் விலை ஆளின் கணக்கில் பற்றாக எழுதப்பட்டது.

அடுத்தது லயம். 10 அடிக்கு 12 அடிக் காம்பரா, முதுகோடு முதுகு ஒட்டிய வரிசை, ஒரு கதவு, பல இடங்களில் ஜன்னலே இல்லை, புகைபோக்கியும் இல்லை. மேலே தகரம். தகரத்தின் மேல் இரவுக் காற்று ஓடினால் உள்ளே அடுப்பின் சூடு நிற்காது. காற்றுக்குப் பயந்து கதவைச் சாத்தினால் புகை உள்ளேயே சுழலும். புகைக்குப் பயந்து திறந்தால் குளிர். மார்கழி விடியலில் பஜனைக்கு எழுப்பப் போனால் இருமல் சத்தத்தைக் கொண்டே எந்தக் காம்பராவில் எழுந்துவிட்டார்கள் என்று அறியலாம் எனப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. நமக்குச் சிரிப்பு வரவில்லை. இலையிலே புகை நாற்றம் ஏறக்கூடாது என்பதற்காக யந்திரம் கண்ட அதே உலகத்தில் நடந்தது இது.

கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய ஸ்டோர் 1996இல் ஹோட்டலாகியது. கொழுந்து வாடிய மாடிகள் இப்போது விருந்தாளிகளின் படுக்கை அறைகள். நல்ல காற்றோட்டமான அறைகள்தான்.

தோட்டங்களில் இன்றும் பல குடும்பங்கள் லயத்தில் இருக்கின்றன. சில இடங்களில் தனி வீடுகள் எழுந்துள்ளன. அப்படி ஒரு வீட்டுக்குச் சென்ற தை மாதம் போயிருந்தோம். ஜன்னல் உண்டு, புகைபோக்கியும் உண்டு. "புகையெல்லாம் போயிருது தம்பிமாரே, ஆனா வாடைதான் நேரா உள்ளுக்கு வந்துருது" என்றார் வீட்டுப் பாட்டி. பார்த்தால், வாசல் வடகிழக்கை நோக்கி இருக்கிறது. பாட்டி தம் பழைய கம்பளியை நிலைவாசலில் இரண்டு ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். அவ்வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் ஸ்டோரைக் கட்டியவர்கள், அஸ்திவாரம் போடுமுன் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டிருப்பார்கள்.