வட்டக்கோட்டைக்கு ஒரு படகும் பாதியில் நின்ற ஒரு கால்வாயும்

ரிட்டயர் ஆன புருஷன் பெண்டாட்டி என்ன செய்வாங்க? காசி போவாங்க, இல்லேன்னா பேரப்பிள்ளைக்கு டயப்பர் மாத்த அமெரிக்கா போவாங்க. நாங்க ரெண்டு பேரும் 2025 மே மாசம் கன்னியாகுமரியில இருந்து வட்டக்கோட்டைக்குக் கடல்வழியா போனோம். நாகர்கோவில்காரனுக்கு இதெல்லாம் ஒரு பயணமான்னு நீங்க கேக்கலாம். எங்க வீட்டு தங்கமணி 2004-க்கு அப்புறம் கடல்ல காலே நனைச்சதில்லை மக்களே. அதனாலதான் இந்தப் பதிவு.

பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் விவேகானந்தர் பாறைக்கு விடும் குகன், பொதிகை, விவேகானந்தா படகுகளை எல்லோருக்கும் தெரியும். தாமிரபரணி, திருவள்ளுவர்னு ரெண்டு சொகுசுப் படகுகளும் வந்திருக்கு. இதுல வட்டக்கோட்டை வரைக்கும் கூட்டிட்டுப் போய் திரும்பக் கொண்டு வந்து விடும் சவாரியை 2023 மே மாசம் தொடங்கினாங்க. கடல் சீறினாலும் ரத்து, நீர்மட்டம் தாழ்ந்தாலும் ரத்து. கடல் உள்வாங்கிச்சுன்னா படகை நிறுத்திருவாங்க. அந்த 'உள்வாங்கிச்சு' என்கிற வார்த்தை இந்த ஊர்ல யாருக்கும் சாதாரணம் இல்லை.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டினதும் தங்கமணி என் கையைப் பிடிச்சா. "பயமாருக்கா?"ன்னேன். "சும்மா இருங்க"ன்னா. சும்மா இருந்தேன்.

படகு வள்ளுவர் சிலையைச் சுத்தி வந்தது. 133 அடி. 2000 ஜனவரி 1-ல திறந்தது. சிலைக்கும் விவேகானந்தர் மண்டபத்துக்கும் நடுவில் 77 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிப் பாலம், 2024 டிசம்பர் கடைசியில திறந்தது. அதுமேல நின்னு ஒரு கூட்டம் எங்களுக்குக் கை காட்டிச்சு. சுனாமி அன்னிக்கு இதே பாறையிலதான் நூத்துக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கிட்டு நின்னாங்க. மீட்கப் போனவங்கள்ல மீனவர்கள் முக்கியமானவங்க. தங்கமணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சின்னமுட்டம் துறைமுகம் தாண்டியதும் கரை பச்சையா நீளுது. பின்னால மருந்துவாழ் மலை. அப்புறம் வந்தது வட்டக்கோட்டை. பேருதான் வட்டம், பார்த்தா சதுரம் மாதிரிதான் இருக்கும். கருங்கல் மதில் நேரா கடலைப் பார்த்து நிக்குது. கல்லுல மீன் சின்னம் இருக்கிறதால பாண்டியர் கைவைத்த இடம்னு ஒரு கட்சி. இப்ப நாம பார்க்கிற கோட்டை மார்த்தாண்டவர்மா காலத்தில டி லனாய் மேற்பார்வையில் எழும்பியது. டச்சுக் கம்பெனிக்காக சண்டை போட வந்த தளபதி அவர். 1741 ஆகஸ்ட் 10, குளச்சல் போர்ல தோத்துக் கைதானார். பிடிபட்டவரையே ராஜா தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வச்சுக்கிட்டார். 'வலிய கப்பித்தான்' ஆகி, 1777-ல செத்து, உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். கடல்வழியா பிடிக்க வந்தவரே கடல்வழியா யாரும் வரக்கூடாதுன்னு மதில் கட்டியிருக்கார். இந்த ஊர்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச வேடிக்கை இதுதான்.

அங்கே இறக்கிவிடல, கடல்ல இருந்தே பார்த்துட்டுத் திரும்பினோம். திரும்பும்போதுதான் தங்கமணி கேட்டா: "இந்தக் கடலை நம்பாம உள்ளாலயே போக ஒரு ராஜா வழி வெட்டுனான்னு சொல்வீங்களே?"

ஏ.வி.எம். கால்வாய்! செட்டியார் ஸ்டுடியோ இல்லீங்க. அனந்த விக்டோரியா மார்த்தாண்டம். அனந்தபத்மநாபசாமி, விக்டோரியா ராணி, மார்த்தாண்டவர்மா, மூணு பேரையும் ஒரே பேர்ல அடக்கிட்டாங்க. சாமிக்கும் சந்தோஷம், வெள்ளைக்காரனுக்கும் சந்தோஷம், ஹிஹி. உத்திரம் திருநாள் மகாராஜா 1860-ல தொடங்கினார். திருவனந்தபுரத்துல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் அலையில அல்லாடாம வள்ளத்திலேயே ஆளும் சரக்கும் வந்து சேரணும், அதான் திட்டம். அதே வருஷம் ராஜா காலமானார். பூவாறு, தேங்காப்பட்டணம், குளச்சல், மண்டைக்காடு பக்கம் வெட்டினது வெட்டினதுதான், கன்னியாகுமரி வரை வரவே இல்லை. வடக்கே வர்க்கலைக் குன்றைக் குடைஞ்சு 1880-க்குள்ள படகுவழியைத் தயார் பண்ணிட்டாங்க. தெக்கே மண்ணு மூடி, ஆக்கிரமிப்பு ஏறி, பல இடத்துல சாக்கடையா நாறிப்போச்சு. 2016-ல தேசிய நீர்வழிகள் சட்டத்துல பூவாறு - இரையுமன்துறை 11 கிலோமீட்டரை 13-ம் எண் நீர்வழின்னு சேர்த்தாங்க.

இனி கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். தங்கமணி குளச்சல் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தா. 2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அங்கே கொட்டில்பாடு மாதிரியான ஊர்களுக்கு முன்னால கடல், பின்னால இந்தக் கால்வாய். அலை வந்ததும் ஊருக்குள்ள ஓடின சனங்க கால்வாய்க்கரையில மாட்டிக்கிட்டாங்க. அலை துரத்தி வந்து அதுக்குள்ளேயே தள்ளிச்சு. மாவட்டம் முழுக்க ஏறக்குறைய 800 பேர். அதுல தங்கமணி வகுப்புப் பிள்ளைங்க ரெண்டு பேர். லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்ததும் ரெண்டு பேர் பேரையும் வழக்கம்போல கூப்பிட்டிருக்கா. பிள்ளைங்க யாரும் வாய் திறக்கலையாம். இதை அவ எங்கிட்ட சொன்னதே பல வருஷம் கழிச்சுத்தான்.

கடலுக்குப் பயந்து வெட்டின கால்வாயில கடலே வந்து ஆளைப் பிடிச்சுக்கிச்சு. அதுக்கு ராஜா மேல கோபப்பட முடியுமா? எனக்கு கோபம் அதைத் தூர்ந்துபோக விட்ட நூத்தம்பது வருஷத்து மேலேயும், குறுக்கே போதுமான பாலம் போடாததுக்கும்தான். தங்கமணிக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை.

படித்துறையில இறங்கினதும் சுண்டல் வாங்கிக் கொடுத்தேன். தின்னுக்கிட்டே, "அந்த ரெண்டு பேர்ல ஒருத்தனுக்குக் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்"ன்னா. பேரைச் சொன்னா. நான் இங்கே எழுதலை.

அடுத்த ஞாயிறு பஸ்ஸில குளச்சல் போறோம். கால்வாய்க்கரை வரைக்கும் நடந்து பார்க்கணுமாம். வெயில் ஜாஸ்தி, குடை எடுத்துக்கணும்.