கராச்சி – சென்னை வான் அஞ்சல் சேவை

கராச்சி – சென்னை வான் அஞ்சல் சேவை என்பது 1932 அக்டோபர் 15 அன்று டாட்டா குழுமம் தொடங்கிய வாராந்திர வானூர்தி அஞ்சல் சேவையாகும். ஏர் இந்தியா நிறுவனம் இச்சேவையில் இருந்தே தோன்றியது.

பின்னணி

இம்பீரியல் ஏர்வேசு நிறுவனம் 1929 முதல் இலண்டனில் இருந்து கராச்சிக்கு வான்வழியாக அஞ்சல் கொண்டு வந்தது. தென்னிந்தியாவுக்குரிய கடிதங்கள் அங்கிருந்து தொடர்வண்டியில் சென்றன. இதனால் வான்வழியில் மிச்சமான நேரத்தில் ஒரு பகுதி தரையில் வீணானது. பிரித்தானிய வான்படையின் முன்னாள் வானோடி நெவில் வின்சென்ட் இவ்விடைவெளியை வானூர்தி மூலம் நிரப்பும் திட்டத்தை முன்வைத்தார், ஜே. ஆர். டி. டாட்டா அதனை ஆதரித்தார். அரசு மானியம் தரவில்லை. சுமந்து செல்லும் அஞ்சலின் எடைக்கேற்ற கட்டணம் மட்டுமே அரசிடமிருந்து கிடைத்தது.

முதல் பறப்பு

டாட்டா கராச்சியில் இருந்து அகமதாபாத் வழியாக மும்பையின் ஜூஹூ களத்துக்கு வானூர்தியை ஓட்டி வந்தார். அகமதாபாத்தில் எரிபொருள் மாட்டு வண்டியில் கொண்டுவரப்பட்டது. மும்பையில் இருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு வின்சென்ட் ஓட்டிச் சென்றார். வழியில் வானொலி வழிகாட்டலோ இரவில் தரையிறங்கும் வசதியோ இருக்கவில்லை. மழைக்காலத்தில் ஜூஹூ களம் நீரில் மூழ்கியதால், அக்காலத்தில் சேவை புனேக்கு மாற்றப்பட்டது.

வானூர்தி

பயன்படுத்தப்பட்டது டி ஹாவிலாண்ட் புஸ் மோத் என்னும் ஒற்றை இயந்திர வானூர்தி. மூடிய அறையில் வானோடியுடன் ஓரிருவர் அமரலாம். இதன் இயந்திரம் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்ததால் வானோடிக்கு முன்புறம் நன்கு தெரிந்தது. இவ்வகை வானூர்திகள் சில தொடக்கத்தில் இறக்கை முறிந்து விபத்துக்குள்ளாயின. பின்னர் கூடுதல் தாங்குகம்பி சேர்க்கப்பட்டது.

இதன் பயண வேகம் மணிக்கு ஏறத்தாழ 160 கி.மீ. மட்டுமே. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று முதன்முதலாகப் பறந்த செருமனியின் ஐன்கல் எச்.ஈ. 70 அஞ்சல், பயணிகள் வானூர்தி, உள்ளிழுக்கும் சக்கரங்களுடன் மணிக்கு 350 கி.மீ.க்கு மேல் செல்லக்கூடியது. செருமனி வானூர்தியின் வடிவமைப்பால் வேகத்தைப் பெற்றது. இந்தியச் சேவையின் பயனோ, பன்னாட்டு அஞ்சலுடன் உடனடி வான் இணைப்பை ஏற்படுத்தியதில் இருந்தது.

பிற்கால வளர்ச்சி

1933ஆம் ஆண்டில் இச்சேவை 155 பயணிகளையும் 10 டன்னுக்கு மேற்பட்ட அஞ்சலையும் ஏற்றிச் சென்றது. 1935இல் திருவனந்தபுரத்துக்கும் 1938இல் கொழும்புக்கும் சேவை கிடைத்தது. நிறுவனம் 1946இல் ஏர் இந்தியா எனப் பெயர் மாற்றம் பெற்று, 1953இல் நாட்டுடைமையாக்கப்பட்டது. 2022 சனவரியில் மீண்டும் டாட்டா குழுமத்திடம் சேர்ந்தது. முதல் பறப்பின் 50ஆம் ஆண்டான 1982இல், தமது 78ஆவது வயதில், டாட்டா கராச்சியில் இருந்து மும்பைக்கு மீண்டும் பறந்தார்.

இவற்றையும் பார்க்கவும்

ஜே. ஆர். டி. டாட்டா
ஏர் இந்தியா