மணியும் சரடும்: ஆரம் கோத்தல் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

மணிகளைத் துளையிட்டுச் சரட்டில் கோத்து, நடுவே பதக்கம் தொங்கவிட்டு மார்பில் அணியும் வழக்கம் இந்தியப் பரப்பில் சிந்துவெளி நாகரிகத்திற்கும் முற்பட்டது. மணியின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. கல் எங்கிருந்து வந்தது, எவ்வாறு துளையிடப்பட்டது, எத்துறைமுகம் வழியாகச் சென்றது என்பன பற்றி நூல்கள் பல உள்ளன. அம்மணிகளை ஆரமாக்கிய கோத்தல் என்னும் வேலை அவ்வாறு ஆராயப்படவில்லை. கல் நிலைக்கிறது, நூல் மக்கிப்போகிறது என்பது இதற்கு ஒரு காரணம். கோத்தல் பெரிதும் வீட்டிற்குள் நிகழ்ந்த வேலை என்பது மற்றொன்று. மக்கிய சரடு விட்டுச்சென்ற சுவடுகளைத் தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணி செய்தலின் அருமையை முதலில் அறிதல் வேண்டும். சிந்துப் பகுதியிலுள்ள சாங்குதாரோவில் 1935-36ஆம் ஆண்டுகளில் எர்னஸ்ட் மெக்கே நடத்திய அகழாய்வில் மணிப் பட்டறை ஒன்று வெளிப்பட்டது. துளையிட்டு முடிக்கப்படாத சூதுபவள மணிகளும் கல்லாலான துளைக்கருவிகளும் அங்குக் கிடைத்தன. அத்தகைய துளைக்கருவியைக் கொண்டு ஜோனதன் மார்க் கெனோயர் மேற்கொண்ட சோதனைகளில் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் ஆழமே துளைக்க முடிந்தது. கராச்சிக்கு அருகிலுள்ள அல்லாதினோவில் 1976இல் கிடைத்த ஒட்டியாணத்தில் நீண்ட சூதுபவள மணிகள் 36 உள்ளன. அதனைச் செய்து முடிக்க 480 வேலைநாட்களுக்கு மேல் ஆகியிருக்கும் என அவர் கணக்கிட்டார். இக்கணக்கு பெரும்பாலும் மணிக்கே உரியது. கோத்தலுக்கு எத்தனை நாள் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கோத்தல் எளிய வேலையன்று. பல சரங்கள் கொண்ட ஆரம் மார்பில் முறுக்கிக்கொள்ளாமல் கிடக்க வேண்டுமானால் இடையிடையே பல துளைகள் கொண்ட இடைத்தட்டுகள் வேண்டும். சரங்கள் அனைத்தும் கழுத்தருகே ஒன்றுசேர, ஒருபுறம் பல துளைகளும் மறுபுறம் ஒரே துளையும் உடைய அரைவட்ட முனைமூடிகள் வேண்டும். இவ்விரண்டும் சிந்துவெளி அணிகலன்களில் காணப்படுகின்றன. நூல் அழிந்த பின்னும் எத்தனை சரம் என்பதை இடைத்தட்டின் துளைகள் சொல்கின்றன. மணித்துளையின் விளிம்பில் காணும் தேய்மானமும் ஒரு சான்றே. நெடுங்காலம் அணியப்பட்ட மணியின் விளிம்பு நூலுடனும் பக்கத்து மணியுடனும் உராய்ந்து மழுங்கியிருக்கும். புதுமணியின் விளிம்பு கூர்மையாக இருக்கும். ஒரே கோவையில் இவ்விரு வகையும் காணப்படின், அறுந்த பழைய ஆரத்தின் மணிகளைப் புதியவற்றோடு சேர்த்து யாரோ மீண்டும் கோத்திருக்க வேண்டும் எனக் கருதலாம்.

அரிதாகச் சில இடங்களில் நூலே எஞ்சியுள்ளது. அரப்பாவில் கிடைத்த செப்புக்கம்பி அணியிலும், சாங்குதாரோவில் கிடைத்த மாக்கல் நுண்மணிகளின் உள்ளேயும் இழைகள் சில தங்கியிருந்தன. ஐரீன் குட், கெனோயர், ரிச்சர்ட் மெடோ ஆகியோர் அவற்றை நுண்ணோக்கியால் ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டனர். அவை காட்டுப் பட்டுப்பூச்சி இனங்களின் இழைகள் என்பதும், அவற்றின் காலம் ஏறத்தாழ கி.மு. 2450 முதல் 2000 வரை என்பதும் அவர்தம் முடிவாகும். பட்டின் தொன்மையைச் சீனத்தோடு மட்டுமே இணைத்து வந்த கருத்து இதனால் மறுபரிசீலனைக்கு உள்ளாயிற்று. மணியைப் பார்த்தோர் நூலைப் பாராது விட்டிருப்பின் இச்செய்தி வெளிவந்திராது. அகழ்ந்தெடுத்த மணிகளைத் துளைவரை நன்கு கழுவித் துடைத்துக் காட்சிக்கு வைக்கும் பழைய வழக்கம் எத்தனை சான்றுகளை நீக்கியிருக்கும் என எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

சரடு அறுக்கப்பட்ட நிகழ்வு ஒன்று அண்மை வரலாற்றிலும் உண்டு. மொகஞ்சதாரோவில் 1920களில் கிடைத்த பொன் ஆரம் ஒன்றில் பசுமை நிறக் கல்மணிகள் பொன் வட்டுகளோடு மாறி மாறி அமைந்துள்ளன. முன்புறத்தில் கல் பதக்கங்கள் பொன்கம்பியில் தொங்குகின்றன. ஜான் மார்ஷலின் 1931ஆம் ஆண்டு நூலில் அது முழுமையாக இடம்பெற்றுள்ளது. 1947இல் நாடு பிரிக்கப்பட்டபோது தொல்பொருள்களும் பங்கிடப்பட்டன. மட்கலங்களையும் முத்திரைகளையும் எண்ணிப் பிரிக்க முடிந்தது. இவ்வாரமோ ஒற்றைப் பொருள். எனவே அது பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி பாகிஸ்தானுக்கும் மறுபகுதி இந்தியாவுக்கும் சென்றது. சூதுபவள ஒட்டியாணம் ஒன்றும் இவ்வாறே கூறுபட்டது. இந்தியப் பகுதி தில்லி தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. பங்கிட்டோர் மணிகளின் எண்ணிக்கையில் நேர்மையாகவே நடந்துகொண்டனர் எனலாம். ஆயின் ஆரம் என்பது மணிகளின் தொகை மட்டுமன்று என்பதை அவர்கள் கருதவில்லை.

தமிழ் மரபு சரத்தையே அளவுகோலாகக் கொண்டு அணிகளுக்குப் பெயரிட்டது. இடையணிகளுள் ஏழு கோவை உடையது மேகலை, எட்டு உடையது காஞ்சி, பதினாறு உடையது கலாபம், பதினெட்டு உடையது பருமம், முப்பத்திரண்டு உடையது விரிசிகை என உரை மரபு வகைப்படுத்துகிறது. மணியின் வகையன்று, கோவையின் எண்ணிக்கையே இங்குப் பெயரை வேறுபடுத்துகிறது. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளின் நோக்கு வேறு. முதலாம் இராசராசன் காலத்தில் வழங்கப்பட்ட அணிகளின் முத்துக்களை அவை வட்டம், அநுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, சக்கத்து என்று தரம் பிரித்து எண்ணிக் குறிக்கின்றன. எடை கூறுமிடத்து, சரடும் சட்டமும் செப்பாணியும் நீக்கி நிறுக்கப்பட்ட செய்தி காணப்படுகிறது. கோயிற் பண்டாரத்தின் கணக்கிற்கு இது முறையே. பொன்னும் முத்துமே செல்வம். சரடு கழிக்கப்பட வேண்டிய எடை. எனினும் கழிப்பதற்காகவேனும் அதன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த அக்கணக்கருக்கு ஆய்வாளர் கடன்பட்டுள்ளனர்.

குசராத்தின் கம்பாத்து நகரில் இத்தொழில் தொடர்ந்து நிகழ்ந்து வந்துள்ளது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியரான துவார்த்தே பர்போசா அப்பகுதியின் சூதுபவளத் தொழிலைக் குறிப்பிட்டுள்ளார். இரத்தன்பூர்ப் பகுதியில் வெட்டியெடுத்த கல் வெயிலில் உலர்த்தப்பட்டு, மட்கலத்தில் இட்டு எருமூட்டத்தில் சூடேற்றப்பட்டுச் சிவப்பு நிறம் பெறுகிறது. நிலத்தில் சாய்த்து நட்ட இரும்புமுனையில் கல்லை வைத்து, எருமைக் கொம்பாலான சுத்தியால் தட்டி உருவாக்குகின்றனர். துளையிடுவது வில்துரப்பணம், அதன் முனையில் வைரத்துணுக்குகள். கெனோயர், மாசிமோ விதாலே, குல்தீப் பான் ஆகியோர் 1980களின் இறுதியில் தொடங்கி இப்படிகளை விரிவாகப் பதிவுசெய்தனர். வேலையின் பெரும்பகுதி வீடுகளிலேயே நடந்ததால் கல் தேய்க்கும் சக்கரத்தின் தூசும் வீட்டுக்குள்ளேயே தங்கியது. சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் தேய்ப்போரை மட்டுமன்றி அருகில் குடியிருப்போரையும் பற்றியது மருத்துவ ஆய்வுகளால் அறியப்பட்டது. மணியின் பளபளப்பைப் பற்றி எழுதுவோர் இதனை விட்டுவிடுதல் முறையன்று.

இறுதிப் படியான கோத்தல் பெரிதும் பெண்களின் கையில் அமைந்தது. அடுப்படி வேலைக்கு இடையே அளவும் நிறமும் ஒத்த மணிகளைத் தெரிந்து, வரிசைப்படுத்தி, நூலில் ஏற்றும் வேலை அது. ஆயினும் இச்சரங்கள் பல, விற்பனைக்கு எளிதாக எண்ணிக் கொடுப்பதற்கென அமைந்த தற்காலிகக் கோவைகளே. வாங்கிச் செல்வோர் அந்நூலை அறுத்து, மணிகளைக் கொட்டி, தத்தம் வழக்கப்படி வேறு நூலில் மீண்டும் கோத்துக்கொள்கின்றனர்.