அருவாமனை, ஸ்பேனர், தையல் மெஷின் எல்லாம் துருவா? காயலான் கடைக்குப் போடும் முன் இதைப் படிங்க!

தாம்பரம் பக்கம் முடிச்சூர், வரதராஜபுரம்வாசிகளுக்கு வெள்ளம் புதுசு இல்லை. 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரைமீறி வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே கதைதான்.

தண்ணீர் வடிந்ததும் முதலில் பிரிட்ஜையும் பீரோவையும்தான் பார்ப்போம். கட்டிலுக்கு அடியில் கிடந்த ஸ்பேனர், சுத்தியல், தையல் மெஷின் சக்கரம் எல்லாம் ஒரு வாரம் கழித்துத்தான் கண்ணில் படும். அதற்குள் செங்கல் பொடி பூசிய மாதிரி ஆகியிருக்கும். பயப்பட வேண்டாம், இதில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றிவிடலாம்.

ஏன் இவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கிறது?

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். கூடவே உப்பு சேர்ந்தால் வேகம் எடுக்கும். பாலவாக்கம், நீலாங்கரை பக்கம் மழையே இல்லாவிட்டாலும் கேட் கீல் துருப்பிடிப்பது கடல் காற்றில் வரும் உப்பால்தான். வெள்ளத்துக்குப் பிறகு வாசலில் தூவும் பிளீச்சிங் பவுடரும் இரும்புக்கு எதிரிதான். அதன் பக்கத்தில் சாமான்களை வைக்காதீங்க.

இன்னொரு விஷயம், துரு இரும்பை விட அதிக இடத்தை அடைக்கும். போல்ட்டும் நட்டும் இறுகிப்போவது அதனால்தான். அப்படி இறுகியதை முரட்டுத்தனமாகத் திருகினால் உடைந்துவிடும். மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஒரு இரவு விட்டு, லேசாகத் தட்டித் திருகிப் பாருங்க. பக்கத்தில் நெருப்பு மட்டும் கூடாது.

துரு எடுப்பது எப்படி?

கையுறை போட்டு, முதலில் சேற்றை நல்ல தண்ணீரில் கழுவுங்க. செதில் செதிலாக நிற்பதை ஒயர் பிரஷ்ஷால் உரசி எடுத்துவிடுங்க. மேலோட்டமான துரு என்றால் உப்புத்தாள் தேய்த்தாலே போதும்.

ஆழமாகப் பிடித்திருந்தால் சிட்ரிக் ஆசிட் நல்ல வழி. ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் கணக்கில் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, பொருள் முழுக மூழ்கும்படி போடுங்க. மணிக்கு ஒருமுறை எடுத்து பிரஷ் போட்டுப் பாருங்க. துரு போனதும் வெளியே எடுத்துடணும். அப்படியே விட்டால் நல்ல இரும்பையும் அரிக்கத் தொடங்கும். வினிகரும் இதே வேலையைச் செய்யும், ஆனால் ஒரு இரவாவது ஊற வேண்டும். புளிக்கரைசலும் வேலை செய்யும், ரொம்ப மெதுவாக.

பலரும் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். ஆசிட்டிலிருந்து எடுத்த இரும்பு பளிச்சென்று இருக்கும், ஆனால் அதன் மேல் எந்தப் பாதுகாப்பும் இல்லை. நம்ம ஊர் ஈரக்காற்றில் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மறுபடி மஞ்சள் பூத்துவிடும். அதனால் எடுத்த கையோடு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து அலசுங்க. பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, வெயிலில் சுடச்சுடக் காயவைத்து உடனே மெஷின் ஆயில் தடவுங்க. கேட், கிரில் என்றால் எண்ணெய் வேண்டாம், ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து அதன் மேல் பெயின்ட்.

தோசைக்கல், அருவாமனைக்கு?

இவற்றில் மண்ணெண்ணெய், மெஷின் ஆயில் எதுவும் படக்கூடாது. தோசைக்கல்லை ஸ்க்ரப்பர் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் ஈரம் போகும் வரை சூடாக்குங்க. நல்லெண்ணெயை மெல்லிசாகத் தடவி, லேசாகப் புகை வரும் வரை காயவிடுங்க. இதையே மூன்று நான்கு முறை செய்தால் கல் பழைய கருப்புக்கு வந்துவிடும். அருவாமனையைத் துரு போகத் தேய்த்துத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவினாலே போதும்.

டாய்லெட் ஆசிட் ஊற்றலாமா?

வேண்டவே வேண்டாம். துரு நிமிஷத்தில் கரையும்தான். ஆனால் அதன் புகை பக்கத்தில் இருக்கும் மற்ற இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும், கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். தரையில் பிளீச்சிங் பவுடர் கிடக்கும் வீட்டில் அது சிந்தினால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. ஜி.ஐ. வாளி, ஜி.ஐ. பைப்பை சிட்ரிக் ஆசிட்டில்கூட ஊறவைக்காதீங்க, மேலே உள்ள துத்தநாகப் பூச்சு கரைந்துவிடும்.

கேஸ் சிலிண்டர், ரெகுலேட்டர், வண்டியின் பிரேக் பாகங்கள், ஸ்பிரிங் இவற்றில் கைவைக்காதீங்க. ஆசிட்டில் ஊறிய ஸ்பிரிங் பார்க்க நன்றாக இருந்தாலும் பட்டென்று முறியலாம். துருப்பிடித்த சிலிண்டரை ஏஜென்சியிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்க, பிரேக்கை மெக்கானிக்கிடம் காட்டுங்க.

வேலை நடுவே கை கிழித்துவிட்டால்? துருவால் டெட்டனஸ் வருவதில்லை, மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமியால்தான் வருகிறது. வெள்ளத்தில் கிடந்த பொருளில் அந்த மண் ஒட்டியிருக்கும். அதனால் காயத்தை சோப்பு போட்டுக் கழுவி, ஊசி தேவையா என்று அன்றைக்கே டாக்டரிடம் கேட்டுவிடுங்க.